ஒரு கேம் என்னா ஜானர், அதாவது என்னா வகைன்னு யாரு முடிவு பண்றது?

பகாவ் பக்கத்து எஸ்டேட்ல இருக்கற ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. சாயங்காலம் தோட்டத்து திடல் ஓரமா உட்கார்ந்து மொபைல் லெஜெண்ட்ஸ்ன்ற போன் கேம் ஆடற கூட்டத்துல வாக்குவாதமாம். ஒருத்தன் இது ஆர்பிஜி (ஒரு ஆளை வளர்த்துக்கிட்டே போற கேம்), லெவல் ஏறுது, ஐட்டம் வாங்குறோம்லன்னு சொல்றான், இன்னொருத்தன் இல்ல இது ஸ்ட்ராட்டஜிங்கிறான், அந்த நேரம் பார்த்து மூணாவது ஆளு பலாட்ரோன்ற கேமை ரோக்லைக் (செத்தா முதல்ல இருந்து, ஒவ்வொரு தடவையும் புதுசா அமையற வகை)னு சொல்லப்போக, சீட்டுக்கட்டு கேம் எப்படிடா ரோக்லைக் ஆகும்னு அது ஒரு தனி சண்டையா போயிருக்கு. யாரு சொல்றது சரி, இந்த பேரெல்லாம் யாரு தான் முடிவு பண்றதுன்னு கேட்டிருக்காரு.

முதல்ல நேரா பதில் சொல்லிடறேன். மொபைல் லெஜெண்ட்ஸ் மோபா, அதாவது ரெண்டு டீம் மோதி ஒருத்தர் பேஸை ஒருத்தர் உடைக்கற வகை, அதுல சந்தேகமே வேணாம். பலாட்ரோவை ரோக்லைக்னு சொல்றது இன்னைக்கு பழக்கத்துல சரி, ஆனா எதிர்த்து பேசின பையன் பக்கமும் ஞாயம் இருக்கு, அவன் சொல்றதை சும்மா தள்ளிட முடியாது. யாரு முடிவு பண்றதுன்னா ஆடறவங்க பேசிப் பேசித்தான் முடிவாகுது, கேம் கம்பெனியும் விக்கிற கடையும் அப்பப்ப நடுவுல பூந்து ஒரு தள்ளு தள்ளுவாங்க, அவ்ளோ தான். ஏன்னு கேட்டா தான் கொஞ்சம் நீளமா போகும்.

நான் பகாவ் டவுன்ல சிசி (சைபர் கஃபே) கவுண்டர்ல உட்கார்ந்தவன், அதுக்கு முந்தி பிஎஸ்2 கேம் மெஷினை மணிக்கணக்குல வாடகைக்கு விடற கடையிலயும், டிஸ்க் வாடகைக்கு குடுக்கற வேலையிலயும் இருந்திருக்கேன். அந்த கடையில டிஸ்க் எல்லாம் பெரிய பெரிய ஃபைல்ல பிளாஸ்டிக் உறைக்குள்ள இருக்கும், தவ்கே (முதலாளி) அதை நாலா பிரிச்சு வெச்சிருந்தாரு: பந்து, கார், சண்டை, மத்தது. பந்துலயும் கார்லயும் ஒரு பிரச்சனையும் வந்தது இல்ல. வின்னிங் லெவன் கேட்டு வர்றவன் பந்து ஃபைலை புரட்டுவான், எடுப்பான், போயிடுவான். சண்டை ஃபைல்ல தான் வம்பு. டெக்கன் 5-ம் அதுல தான் இருக்கும், காட் ஆஃப் வாரும் அதுல தான் இருக்கும், ரெண்டும் 2005-ல வந்தது, ரெண்டுலயும் அடி உதை தான், தவ்கே பார்வையில ரெண்டும் ஒண்ணு. எஸ்டேட்ல இருந்து பஸ் ஏறி வர்ற அண்ணன் தம்பி ஜோடி, சனிக்கிழமை ரெண்டு பேரும் மோதிக்கலாம்னு அட்டைப் படத்தைப் பார்த்து காட் ஆஃப் வாரை எடுத்துட்டு உட்காருவானுங்க, பத்து நிமிஷத்துல தம்பி கையில ரெண்டாவது கண்ட்ரோலரை வெச்சுக்கிட்டு சும்மா திரையை பார்த்துட்டு இருப்பான். அப்புறம் எந்திரிச்சு கவுண்டருக்கு வந்து "அண்ணே, இது ரெண்டு பேரு ஆடற சண்டை இல்லையா"ன்னு கேப்பான்.

அவன் கேட்டான் பாருங்க, அதுக்கு பதில் சொல்றதுக்குத் தான் ஜானர்னு ஒண்ணு இருக்கு. கதை என்னா, படம் எப்படி இருக்குன்றதெல்லாம் அப்புறம். உள்ள போனா என் கை என்ன பண்ணிட்டு இருக்கும், தோத்தா என்னா ஆகும், கூட யாரு இருப்பா, எவ்ளோ நேரம் பிடிக்கும், இதை ஒரு பிளேயர் இன்னொரு பிளேயருக்கு ஒரே வார்த்தையில கடத்தறான். மாமாக் கடையில கோப்பி ஓ கோசோங்னு சொன்னா பாலும் வேணாம் சீனியும் வேணாம்னு தண்ணி கலக்கற ஆளுக்கு புரிஞ்சிடுது இல்லையா, அந்த மாதிரி, ரெண்டு பேருக்கும் ஏற்கனவே பழக்கம் இருந்தா தான் அது வேலை செய்யும்.

சண்டை ஃபைல்ல நம்ம தவ்கே பட்ட கஷ்டத்தை ஜப்பான் கேம் கம்பெனி கேப்காமும் பட்டிருக்கு. 1989-ல அவங்க பண்ண ஃபைனல் ஃபைட்டை முதல்ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 89-ன்னு தான் காட்டினாங்க. பார்த்தவங்க, இது ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரியே இல்லையே, அது ஒத்தைக்கு ஒத்தை, இது தெரு முழுக்க நடந்துகிட்டே வர்றவனையெல்லாம் அடிக்கிறதுன்னு சொல்லிட்டாங்க, பேரை மாத்திட்டாங்க. 1991-ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்த பிறகு கோடு இன்னும் பளிச்சுன்னு ஆயிடுச்சு, ஒத்தைக்கு ஒத்தை மோதினா ஃபைட்டிங், கூட்டத்தை அடிச்சுக்கிட்டே முன்னாடி போனா பீட் எம் அப். ஆடறவங்க கண்ணுல பட்ட வித்தியாசம் அது.

இதனால தான் சினிமாவுக்கு பேரு வைக்கிற மாதிரி கேமுக்கு வைக்க முடியறது இல்ல. ஸோம்பி படம்னா ஸோம்பி படம் தான், என்னா வர்றதுன்னு தெரியும். கேம்ல ஸோம்பின்னு மட்டும் சொன்னா ஒண்ணுமே தெரியாது. தி ஹவுஸ் ஆஃப் தி டெட் மெஷின்ல பிளாஸ்டிக் துப்பாக்கியை பிடிச்சு சுடுவீங்க, பிளாண்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்ல செடி நட்டு வெச்சுட்டு காவல் காப்பீங்க, லெஃப்ட் 4 டெட்ல நாலு பேரு முதுகு ஒட்டி ஓடுவீங்க. ஹாரர் மட்டும் விதிவிலக்கு, அது பயத்தை வெச்சு வந்த பேருன்னு சிலபேரு சொல்வாங்க, ஆனா அதையும் கிட்டப் போய் பாருங்க. 1996-ல ரெசிடெண்ட் ஈவில் வந்தப்ப கேப்காம் சர்வைவல் ஹாரர்னு சொல்லித் தான் வித்தாங்க. அந்த பேரு நின்னதுக்கு காரணம் ஸோம்பி இல்ல, குண்டு எண்ணி எண்ணித் தான் கிடைக்கும், சேவ் பண்ணனும்னா டைப்ரைட்டர் இருக்கற ரூமுக்கு போகணும், போனாலும் கையில இங்க் ரிப்பன் இருக்கணும், ஒரு தடவை சேவ் பண்ணா ஒண்ணு கழிஞ்சிடும். கதவை தொறக்கறதுக்கு முந்தி பையில என்னா இருக்குன்னு கணக்கு பார்க்க வெக்குது, அந்த கணக்கு தான் பயம். அப்ப அங்கயும் ஆடற முறைக்குத் தான் பேரு வந்திருக்கு.

சரி, மொபைல் லெஜெண்ட்ஸ். இதுக்கு வேர் எங்க இருக்குன்னா 1998-ல வந்த ஸ்டார்கிராஃப்ட்ன்ற ஸ்ட்ராட்டஜி கேம்ல ரசிகருங்க செஞ்ச ஒரு மேப் (ஆடற களம்), ஏயான் ஆஃப் ஸ்ட்ரைஃப். அந்த ஐடியாவை எடுத்து 2003-ல வார்கிராஃப்ட் 3-ன்ற இன்னொரு ஸ்ட்ராட்டஜி கேம் உள்ளுக்கு டிஃபென்ஸ் ஆஃப் தி ஏன்ஷியண்ட்ஸ் வந்துச்சு, அதான் நம்ம ஊரு சிசியெல்லாம் ராத்திரி ஒரு மணி வரைக்கும் தொறந்திருக்க காரணமான டோட்டா. எங்க கடையில எல்லா மெஷின்லயும் வார்கிராஃப்ட் 3 போட்டிருக்கும், ஆனா வர்ற பசங்கள்ல பாதி பேருக்கு அதுக்குன்னு சொந்தமா ஒரு கதை இருக்கறதே தெரியாது, நேரா கஸ்டம் கேமுக்கு போயிடுவானுங்க. அப்ப இதுக்கு ஜானர் பேரே கிடையாது, டோட்டான்னா டோட்டா தான். வேற யாராச்சும் அதே மாதிரி செஞ்சா "டோட்டா மாதிரி"ன்னு சொல்வோம். 2009-ல லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் வந்தப்ப ரயட் கம்பெனிக்கு அது சங்கடம், தன் கேமை போட்டிக்காரன் கேம் பேரு சொல்லி யாரு விப்பாங்க? அவங்க தான் மோபான்ற பேரை பிடிச்சு பரப்பினாங்க. வால்வ் கம்பெனி டோட்டா 2-வை 2013-ல வெளியிட்டப்ப மோபான்னு சொல்லாம ஆக்‌ஷன் ரியல் டைம் ஸ்ட்ராட்டஜின்னு சொன்னாங்க, ஆனா ஆடறவங்க வாயில அது ஒட்டவே இல்ல. அந்த 2013-ல தான் நம்ம மலேசியாவோட ஆரஞ்ச் டீம் டோட்டா 2 உலகப் போட்டியான தி இண்டர்நேஷனல்ல மூணாவது இடம் வந்தாங்க, அந்த டீமோட முஷி ஆடினப்ப கடையில யாரும் தன் ஸ்கிரீனை பார்க்கல, எல்லாரும் ஒரே மெஷின் பின்னாடி நின்னானுங்க, அன்னைக்கு யாரும் ஆக்‌ஷன் ரியல் டைம்னெல்லாம் சொல்லிக் கேட்டதில்ல.

இப்ப அந்த பையன் சொன்ன ஆர்பிஜி வாதத்துக்கு வர்றேன். அவன் சும்மா சொல்லல. லெவல் ஏறுற ஹீரோ வார்கிராஃப்ட் 3-ல இருந்து வந்தது, அதுக்கு அது ஆர்பிஜில இருந்து வாங்கினது. ஸ்ட்ராட்டஜின்னு சொன்னவனும் சும்மா சொல்லல, மேல இருந்து பார்க்கற கேமரா, லேன்ல (பாதையில) தானா நடந்து வர்ற படை எல்லாம் ஆர்டிஎஸ் (ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி) மிச்சம். ஆனா ஒரு மேட்சை எடுத்துக்கோங்க. லெவல் 1-ல ஆரம்பிக்கறீங்க, லெவல் 4-ல அல்டிமேட் (ஹீரோவோட பெரிய சக்தி) தொறக்குது, 15 வரைக்கும் ஏறலாம், பேஸ் உடைஞ்சதும் எல்லாம் போச்சு, அடுத்த மேட்ச்ல மறுபடி லெவல் 1. ஆர்பிஜில நீங்க வளர்த்த ஆளு நாளைக்கும் அந்த வளர்ச்சியோட அங்க இருப்பான், அதுக்காகத் தான் ஆடறதே. இங்க வளர்ச்சின்றது எதிராளியை விட ஒரு நிமிஷம் முந்திக்கறதுக்கு ஆன ஓட்டப்பந்தயம். ஒரே லெவல், ஒரே ஐட்டம், ஆனா வேலை வேற. ஒரு கேம்ல என்னென்ன சாமான் இருக்குன்னு பட்டியல் போட்டு ஜானர் கண்டுபிடிக்க போனா இப்படித் தான் மாட்டிக்குவோம், இன்னைக்கு பந்து கேம்ல கூட ஆளுக்கு லெவல் ஏறுது, அதுக்காக அதை ஆர்பிஜின்னா சொல்றோம்?

பழைய கேம் பேரை சொல்லி புது கேமை காட்டறதுன்றது டோட்டாவுக்கு மட்டும் நடந்தது இல்ல. 1993-ல டூம் வந்த பிறகு அதே மாதிரி வந்ததெல்லாத்தையும் டூம் குளோன்னு தான் சொன்னாங்க. கொஞ்ச வருஷத்துல கேம் நிறைய ஆகி, 1998-ல ஹாஃப் லைஃப் மாதிரி கதையோட ஒண்ணு, அதையே ரசிகருங்க மாத்தி செஞ்ச கவுண்டர் ஸ்டிரைக் மாதிரி ரெண்டு டீம் மோதற ஒண்ணுன்னு வந்ததும், எல்லாத்தையும் டூம் குளோன்னு சொன்னா யாருக்கும் ஒண்ணும் விளங்காதுன்னு ஆயிடுச்சு, ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் (நம்ம கண்ணால பார்க்கற மாதிரியே பார்த்து சுடற கேம்)ன்ற பேரு நின்னுடுச்சு. மெட்ராய்ட்வேனியாவும் ரெண்டு கேம் பேரை ஒட்ட வெச்சது தான், மெட்ராய்ட், கேஸல்வேனியா. அது மாறாம அப்படியே நிலைச்சதுக்கு காரணம், புது சக்தி கிடைச்சதும் பழைய பூட்டின வழிக்கு திரும்பி வர்றதை சுருக்கமா சொல்ல வேற நல்ல பேரு யாருக்கும் அமையல.

ரோக்லைக் கதை தான் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா பேரு பழசு, அது காட்டற பொருள் மட்டும் இன்னும் மாறிக்கிட்டே இருக்கு. 1980-ல ரோக்னு ஒரு கேம், படமே இல்ல, எழுத்து மட்டும், நீங்க ஒரு அட் (@) குறி, பேய் பிசாசெல்லாம் ஆங்கில எழுத்து. நீங்க ஒரு அடி வெச்சா அதுங்களும் ஒரு அடி வெக்கும், நீங்க நின்னா உலகமே நிக்கும். ஒவ்வொரு தடவையும் பாதாள அறை புதுசா அமையும், செத்தா முதல்ல இருந்து. நெட்ஹேக், ஆங்பேண்ட்னு அந்த வழியில நிறைய வந்துச்சு. 2008-ல பெர்லின்ல அந்த மாதிரி கேம் செய்யறவங்க கூடி, ரோக்லைக்னா என்னென்ன இருக்கணும்னு ஒரு பட்டியல் போட்டாங்க: தானா அமையற இடம், செத்தா செத்தது தான், முறை வெச்சு நகர்றது, கட்டம் போட்ட தரை, இன்னும் சிலது. ஒரு நல்ல விஷயம், அந்த பட்டியல்லயே எழுதி வெச்சிருக்காங்க, இதுல சிலது குறைஞ்சா அது ரோக்லைக் இல்லன்னு அர்த்தம் கிடையாதுன்னு. இதை யாரும் படிக்காம பட்டியலை மட்டும் தூக்கிட்டு வந்து சண்டை போடறாங்க.

அதே 2008-ல ஸ்பெலங்கி வந்துச்சு, அது மாரியோ மாதிரி குதிச்சு ஓடற கேம், ஆனா குகை ஒவ்வொரு தடவையும் புதுசு, செத்தா முதல்ல இருந்து. 2011-ல பைண்டிங் ஆஃப் ஐசக். 2013-ல வந்த ரோக் லெகஸி, செத்த பிறகும் கொஞ்சம் காசு கையில நின்னு அடுத்த தடவைக்கு உதவுச்சு, அதைச் செஞ்சவங்களே ரோக்லைட்னு ஒரு பேரு சொல்லிக்கிட்டாங்க. அப்புறம் ஸ்லே தி ஸ்பையர் வந்து சீட்டையும் இதையும் கோர்த்துச்சு, 2020-ல ஹேடீஸ், 2024-ல பலாட்ரோ. பலாட்ரோவுல எட்டு ஆண்ட்டி (சுற்று), ஒவ்வொண்ணுலயும் மூணு பிளைண்ட் (தாண்ட வேண்டிய பாயிண்ட் கட்டம்), வழியில கடையில ஜோக்கர் வாங்கி கூட்டணி அமைக்கணும், கேட்ட பாயிண்ட் வரலைன்னா முழு ஆட்டமும் போச்சு, அடுத்த தடவை வேற ஜோக்கர் வேற வழி. போன தடவை ஜெயிச்ச வழி இந்த தடவை கிடைக்காது, கிடைச்சதை வெச்சு தான் சமாளிக்கணும், இந்த உணர்வு ரோக்ல இருந்து நேரா வந்தது. அதனால தான் ஆடறவங்க அந்த பேரை குடுத்தாங்க, சீட்டா வாளான்னு அவங்க பார்க்கல.

எதிர்த்து பேசின பையனுக்கு என்னா ஞாயம்னு சொன்னேன்ல. நெட்ஹேக் மாதிரி ஒரு கேம் தேடற ஆளு ரோக்லைக்னு தேடினா ஆயிரம் அதிரடி கேம் வந்து நிக்குது, அவன் தேடறது மட்டும் வர்றது இல்ல. அவன் பேரை மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க, அந்த கோவம் நியாயமானது. கேம் விக்கிற ஆன்லைன் கடை ஸ்டீம்ல அதுக்காக இப்ப டிரெடிஷனல் ரோக்லைக்னு தனி டேக் (தேடறதுக்கு ஒட்டற பேரு) இருக்கு, கேவ்ஸ் ஆஃப் குட் மாதிரி கேமெல்லாம் அதுல தான் கிடைக்கும், ரோக்லைக் டெக்பில்டர்னு இன்னொரு டேக், பலாட்ரோவை அங்க பாருங்க. என்னை கேட்டா இதான் சரியான தீர்வு. பழைய பேரை திருப்பி பிடுங்க முடியாது, பக்கத்துல ஒரு வார்த்தை சேர்த்துக்கிட்டா ரெண்டு பேரும் தேடறது கிடைக்கும். ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், முறை வெச்சு ஆடற விஷயத்துல பார்த்தா ஹேடீஸை விட பலாட்ரோ தான் பழைய ரோக்குக்கு கிட்ட இருக்கு, நீங்க யோசிக்கிற வரைக்கும் அது காத்துக்கிட்டு நிக்கும், அதை அந்த பையன்கிட்ட சொல்லிப் பாருங்க.

சோல்ஸ்லைக்னு சொல்றதுல எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கஷ்டமா இருந்தா போதும், உடனே சோல்ஸ்லைக்னு சொல்லிடறாங்க. கஷ்டம் ஒரு ஜானர் கிடையாது. 2011-ல டார்க் சோல்ஸ்ல என்னா பண்ணாங்கன்னா, நெருப்புக்கிட்ட உட்கார்ந்து இளைப்பாறினா உயிர் நிரம்பும், ஆனா கொன்ன எதிரியெல்லாம் திரும்ப எந்திரிச்சிடும். செத்தா கையில இருந்த சோல்ஸ் (கேம்ல சேர்த்த காசு மாதிரி) செத்த இடத்துலயே கிடக்கும், ஒரே ஒரு வாய்ப்பு, போற வழியில மறுபடி செத்தா அது போச்சு. அந்த திரும்பி போற நடையில கை வேர்க்கும் பாருங்க, அது தான் சோல்ஸ்லைக். அது இல்லாம வெறும் பெரிய பாஸ் (பெரிய எதிரி) மட்டும் வெச்சுட்டு அந்த பேரை ஒட்டினா, நம்பி காசு குடுக்கற ஆளுக்கு தப்பான தகவல் போகுது. அறுபது எழுபது வெள்ளி குடுத்து வாங்கறவனுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

ஜேஆர்பிஜி, அதாவது ஜப்பான் ஆர்பிஜின்ற பேரு இன்னும் சிக்கல். விசர்ட்ரி, அல்டிமா ரெண்டுமே 1981-ல அமெரிக்காவுல வந்தது, அதுங்களைப் பார்த்து ஜப்பான்ல 1986-ல டிராகன் குவெஸ்ட், அடுத்த வருஷம் ஃபைனல் ஃபேண்டசி. அங்க அவங்களுக்கு அது வெறும் ஆர்பிஜி தான், வெளிய இருக்கற நாம தான் முன்னாடி ஜப்பானை சேர்த்தோம். 2023-ல ஃபைனல் ஃபேண்டசி 16 தயாரிப்பாளர் நவோகி யோஷிடா ஒரு பேட்டியில, அந்த பேரு முதல் முதல்ல காதுல விழுந்தப்ப எங்களை பிரிச்சு பேசற மாதிரி பட்டுச்சுன்னு வெளிப்படையா சொன்னாரு. நிறைய பேரு அன்பா சொல்ற வார்த்தை தான், ஆனா அதுக்கு சொந்தக்காரங்களுக்கு வலிச்சிருக்குன்னா நாம காது குடுக்கணும். இன்னொரு பக்கம், இப்ப அந்த பேரு நாட்டை விட்டே வெளிய போயிடுச்சு. 2025-ல பிரான்ஸ்ல இருந்து வந்த கிளேர் அப்ஸ்க்யூர் எக்ஸ்பெடிஷன் 33-ஐ பாதி பேரு ஜேஆர்பிஜின்னு தான் கொண்டாடறாங்க, ஜப்பான்லயே செஞ்ச எல்டன் ரிங்கை அப்படி சொல்றவங்க குறைவு. ஆளுங்க அணியா நின்னு முறை வெச்சு மோதறது, நீளமா போற கதை, இது தான் இப்ப அந்த பேரு சொல்ற சேதி.

பேரு வெச்சு அடிக்கறதும் நடந்திருக்கு. நடந்து பார்த்து கதை தெரிஞ்சுக்கற கேம் வந்தப்ப, டியர் எஸ்தர், 2013-ல கான் ஹோம் மாதிரி, பிடிக்காதவங்க வாக்கிங் சிமுலேட்டர்னு திட்டினாங்க. 2014 பிப்ரவரியில ஸ்டீம் ஆடறவங்களே டேக் போடலாம்னு விட்டதும், கான் ஹோமுக்கு இது கேமே இல்லன்னு டேக் போட்டாங்க. ஆனா அந்த மாதிரி கேமை விரும்பறவங்களும் இருந்தாங்கல்ல, அவங்களுக்கு தேட ஒரு பேரு தேவைப்பட்டுச்சு, திட்டின பேரையே எடுத்துக்கிட்டாங்க. இன்னைக்கு அது ஸ்டீம்ல சாதாரண டேக், யாரும் கோவிச்சுக்கறது இல்ல.

நம்ம நாட்டுல செஞ்ச ஒரு கேமுக்கு பேரு சரியா அமையாம போன கதையும் இருக்கு. நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ், 2020-ல வந்தது, கோலாலம்பூர்ல மெட்ரோனாமிக், ஸ்குவேர் எனிக்ஸ்ல வேலை பார்த்துட்டு வந்த வான் ஹஸ்மர் நடத்தற ஸ்டூடியோ. ஒரு பாஸ் வாயாங் கூலிட் நிழலை வெச்சு மலாய்ல ராப் பாடி மோதுவான், பார்க்கவே பெருமையா இருக்கும். பாட்டு பாட்டுன்னு இருக்கறதால நிறைய பேரு ரிதம் கேம்னு நினைச்சு உள்ள போனாங்க, தாளத்துக்கு பட்டனை தட்டணும்னு எதிர்பார்த்தாங்க. அதுல தாளம் எதிரிக்குத் தான், அவன் பீட்டுக்கு அடிப்பான், நீங்க எப்ப வேணா அடிக்கலாம், காதால கேட்டு தப்பிக்கணும். ஆக்‌ஷன் கேம்னு தெரிஞ்சு போனவங்களுக்கு பிடிச்சது, ரிதம் கேம்னு போனவங்க சிலபேரு ஏமாந்தாங்க. கேம் ஒண்ணு தான், வாசல்ல சொன்ன பேரு தான் வேற.

இன்னைக்கு கண்ணு முன்னாடி ஒரு பேரு உருவாகறதை பார்க்கணும்னா வேம்பயர் சர்வைவர்ஸ் வழியில வந்த கேமுங்களை கவனிங்க, சர்வைவர்ஸ்லைக்னு ஒரு கூட்டம், புல்லட் ஹெவன்னு இன்னொரு கூட்டம், ரெண்டும் ஓடிக்கிட்டு இருக்கு. எது நிக்கும்னு நம்ம மாதிரி ஆளுங்க பேச்சு தான் தீர்மானிக்கும், அதனால தம்பி, உங்க திடல் ஓரத்து வாக்குவாதத்தை வெட்டி பேச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

கடைசியா ஒண்ணு, அந்த தம்பி கேட்கல, ஆனா தமிழ் படிக்கற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். வெண்பான்னு ஒரு கேம், 2023, டொராண்டோவுல விசை கேம்ஸ் செஞ்சது, 2024-ல பிரிட்டனோட பாஃப்டாவுல அறிமுக கேம் விருது வாங்குச்சு. கனடாவுக்கு போன தமிழ் குடும்பம், அம்மாவோட சமையல் நோட்டு கிழிஞ்சு மை அழிஞ்சு கிடக்கு, விட்டுப்போன வரியை நீங்க யோசிச்சு கண்டுபிடிச்சு இட்லி புட்டுன்னு செய்யணும். குக்கிங் கேம்னு சொல்லி குடுத்தா, ஆர்டர் வரும் டைமர் ஓடும்னு நினைச்சு ஆடறவன் பாதியில வெச்சுடுவான், அப்படி ஒண்ணுமே அதுல இல்ல. சமையல் புதிர் போட்ட குடும்பக் கதைன்னு சொல்லி குடுங்க. வீட்ல அம்மா, அத்தை பக்கத்துல உட்கார்ந்திருக்கறப்ப ஆடினா அடுத்த வரி என்னான்னு அவங்களே சொல்லிடுவாங்க, ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க.